பின் சீட் இல்லாத கார்

— கத்தாதேன்னு சொல்லாதீங்க! நான் கத்தாம வேற யார் கத்துவா? நாப்பது கிலோமீட்டர்! கட்டின பொண்டாட்டிய பெட்ரோல் பங்க்ல விட்டுட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம நாப்பது கிலோமீட்டர் பைக்ல போன ஆளு நீங்க!

— அதுக்குத்தான் மூணு மாசமா மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கேன். பைக்கையே வித்துட்டேன். இன்னும் என்ன பண்ணணுங்கறே?

— வித்துட்டு என்ன வாங்கினீங்க? தரையோட தரையா, தவளை படுத்திருக்கற மாதிரி ஒரு சிவப்புக் கார். லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷனுக்கு ஸ்போர்ட்ஸ் கார்! ஏணியை எங்கே வைப்பீங்க, மடியிலயா?

— என்னம்மா, என்ன தம்பி, விடிஞ்சதும் விடியாததுமா? மாடி வரைக்கும் கேக்குது. எனக்கென்ன வந்துச்சு, நான் துணி காயப்போட வந்தேன்.

— துணி காயப்போட மொட்டை மாடிக்குத்தானேக்கா போகணும்? நீங்க கீழே வந்திருக்கீங்க.

— கிளிப்பு கீழே விழுந்துடுச்சு தம்பி. நீங்க பேசுங்க, பேசுங்க. நான் காதுலயே வாங்கலை.

— வந்ததும் நல்லதாப் போச்சு. அக்கா, நேத்து என்கிட்ட சொன்னீங்களே, அதை இப்போ இவர் முன்னாடி சொல்லுங்க.

— ஐயோ, என்னை ஏம்மா இழுக்கறே? ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்ற பழக்கமே எனக்குக் கிடையாது.

— சொல்லுங்கக்கா.

— சரி, நீ இவ்வளவு வற்புறுத்தறதால. மருந்துக்கடைக்காரர் பார்த்தாராம். டயர் கடைக்காரர் பார்த்தாராம். எதிர்வீட்டு டீச்சரம்மா ரெண்டு தடவை பார்த்தாங்களாம். தம்பி கார்ல போறப்போ பக்கத்து சீட்ல ஒரு பொண்ணு. கூட வேலை செய்யறவளா இருக்கும்னு நான்தான் எல்லார்கிட்டயும் எடுத்துச் சொன்னேன். வீடு வீடாப் போய்ச் சொன்னேன்.

— கேட்டீங்களா? பெட்டி கட்டி வெச்சாச்சு. டாக்ஸிக்கும் சொல்லியாச்சு. அவ யாருன்னு சொன்னா இருக்கேன். சொல்லலைன்னா இப்பவே கிளம்பறேன்.

— ஒரு நிமிஷம். அக்கா, அவங்க முகத்தைப் பார்த்தாங்களா?

— யாரு முகத்தை?

— அவ முகத்தை. மருந்துக்கடைக்காரர், டீச்சரம்மா, யாராவது பார்த்தாங்களா? எப்படி இருந்துச்சுன்னு ஏதாவது சொன்னாங்களா?

— இல்லையே தம்பி. எப்பப் பார்த்தாலும் அந்தாண்ட திரும்பி இருந்தாளாம். முடி மட்டும் தெரிஞ்சுதாம். ஏன், உன் கார்ல உட்கார்ந்து வர்றவ முகம் உனக்குத் தெரியாதா?

— தெரியாதுக்கா.

— அடேங்கப்பா! கேட்டீங்களாக்கா கதையை? முகமே தெரியாத பொண்ணைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஊர் சுத்தறாராம்!

— கேளு. திட்டறதுக்கு முன்னாடி முழுசாக் கேளு. அன்னைக்கு பங்க்ல நீ இறங்கி ரெஸ்ட்ரூம் பக்கம் போனே. நான் பெட்ரோல் போட்டு, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு வண்டியில உட்கார்ந்திருந்தேன். பின்னாடி பாரம் ஏறுச்சு. வண்டி அமுங்கிச்சு. தோள்ல ரெண்டு தட்டு விழுந்துச்சு. கிளம்பிட்டேன்.

— தட்டா? என்ன தட்டு?

— நீ எப்பவும் தட்டற தட்டுதான். ஏறி உட்கார்ந்து, துணியெல்லாம் சரி பண்ணிக்கிட்டு, ரெண்டு தட்டு தட்டுவே. அது விழாம நான் வண்டியை நகர்த்தினதே இல்லையே. கல்யாணமான முதல் வாரத்துல நீ போட்ட சட்டம் அது.

— நானா? நான் ஒரு நாளும் அப்படித் தட்டினதில்லையே.

— என்னம்மா இப்படிச் சொல்றே? இதே கேட்ல எத்தனை தடவை நானே பார்த்திருக்கேன்! கோவம் வந்தா இவளுக்கு எல்லாமே மறந்துடுது தம்பி. அன்னைக்கு பஸ் புடிச்சு வந்தவ, படியில நிக்கற என்னையே "நீங்க யாரு"ன்னு கேட்டா. ஆறு வருஷமா இவளுக்கு ஜாக்கெட் தைக்கறவ நான்!

— அதை விடுங்கக்கா. ஏங்க, நீங்க மேல சொல்லுங்க.

— வழியெல்லாம் பேசிக்கிட்டே போனேன். இடுப்பைப் புடிச்சிருந்தா. நடுநடுவுல "ம்" கொட்டினா. நம்ம ஆளு இன்னைக்கு என்ன இவ்வளவு பொறுமையாக் கேட்டுக்கிட்டு வர்றாளேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

— எதிர்த்து ஒரு வார்த்தை பேசலைன்னா அப்பவே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா தம்பி? என் வீட்டுக்காரரா இருந்தா ரெண்டாவது கிலோமீட்டர்லயே இறங்கிப் பார்த்திருப்பார்.

— சிக்னல்ல நின்னப்போ போன் அடிச்சுது. பங்க்காரர். உங்க வீட்டம்மா இங்கே தனியா நிக்கறாங்க, கைப்பையில உங்க நம்பர், அட்ரஸ் போட்ட கார்டு இருந்துச்சுன்னார். நான் பின்னாடி திரும்பினேன். சீட்ல யாருமில்லை.

— அப்புறம்?

— யாருமில்லை. ஆனா இடுப்புல கை இருந்துச்சு.

— கடவுளே! இந்தக் கிளிப்பைக் கொஞ்சம் புடிம்மா, சாமி கும்பிட்டுக்கறேன்.

— உடனே பங்க்குக்குத் திரும்பினேன். அதுக்குள்ள நீ பஸ் ஏறிட்டே. அன்னையில இருந்து எப்போ வண்டியை எடுத்தாலும் இதே கதை. பாரம் ஏறும், வண்டி அமுங்கும், ரெண்டு தட்டு விழும். கண்ணாடியில பார்த்தா என் தோள் மட்டும்தான். மூணு வாரம் ஓட்டிப் பார்த்தேன். பைக்ல பின்னாடி இருக்கறவ முகத்தை முன்னாடி இருக்கறவன் எப்படிப் பார்க்கறது?

— அதுக்காகவா பைக்கை வித்தீங்க?

— கார்னா பக்கத்துல வந்து உட்காரணும்ல?

— அதுக்கு நாலு பேர் போற மாதிரி நல்லதா ஒரு கார் வாங்கியிருக்கலாமே தம்பி?

— பின் சீட்னு ஒண்ணு இருந்தா அதுல போய் உட்கார்ந்துப்பாக்கா. தேடு தேடுன்னு தேடினேன். பின் சீட்டே இல்லாம கிடைச்சது இது ஒண்ணுதான்.

— தெருவே உனக்கு வயசு திரும்புதுன்னு பேசிச்சு. பேசிச்சு என்ன, நான்தான் ஆரம்பிச்சு வெச்சேன். மனசுல வெச்சுக்காதே.

— சரி. கார் வாங்கியாச்சு. வந்து உட்கார்ந்தாளா?

— முதல் நாளே உட்கார்ந்தா. கதவு திறக்கலை, மூடலை. சீட் அமுங்கிச்சு, அவ்வளவுதான். ஆனா ஜன்னல் பக்கமே திரும்பிக்கிட்டா. என்ன கேட்டாலும் "ம்". முகத்தைக் காட்டுன்னா தோள் மட்டும் குலுங்குது. அழற மாதிரி.

— நீங்க இதையெல்லாம் நம்பறீங்களா?

— நம்பறேனா இல்லையாங்கறதை விடு. எனக்கு நீ வேணும். இந்தக் கார்ல ரெண்டே சீட்தான். நீ வந்து அதுல உட்கார்ந்துட்டா அவளுக்கு இடம் இல்லை. போயிடுவா. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பலாம். ஒரே ஒரு தடவை.

— போம்மா. தெருமுனைதானே? நான் இங்கேயேதான் நிக்கறேன். கூட வரமாட்டேன், ஆனா நிக்கறேன்.

— சரி, திறங்க கதவை.

— இரு... இந்தா. குனிஞ்சு உள்ளே போ, தலை இடிக்கும்.

— சீட் சூடா இருக்கே.

— வெயில்ல நின்ன கார் சூடாத்தாம்மா இருக்கும்.

— நேத்து ராத்திரியில இருந்து ஷெட்டுக்குள்ளதான்க்கா நிக்குது.

— ஏம்மா, ஏன் கையை எடுத்துட்டே? உட்காரலையா?

— ஆள் இருக்கற இடத்துல நான் உட்கார மாட்டேன். டாக்ஸி வந்துடுச்சு. என் பெட்டியைக் குடுங்க.

— போகாதே. கெஞ்சிக் கேக்கறேன். நீ போயிட்டா நான் இவளோட என்ன பண்ணுவேன்?

— அன்பா இருங்க.

*

— அடடே, யாரு! ரெண்டு வருஷம் இருக்குமா உன்னைப் பார்த்து? வா, வா, அந்தத் துணி மேல உட்காராதே, ஊசி குத்தி வெச்சிருக்கேன். கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டே. மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டியாமே? எனக்கென்ன வந்துச்சு, காதுல விழுந்துச்சு, கேக்கறேன்.

— ஆமாங்க்கா. மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். கடற்கரைப் பக்கம் குடி போயிட்டோம். வண்டி கிண்டி எதுவும் கிடையாது. எங்கே போனாலும் நடைதான்.

— நிம்மதி. இங்கேயும் எல்லாம் மாறிப் போச்சு. டீச்சரம்மா மக வீட்டோட போயிட்டாங்க. மருந்துக்கடைக்காரருக்கு அம்பது வயசுல கல்யாணம். டயர் கடைக்காரரோட தங்கச்சியைத்தான் கட்டினார். பேசி முடிச்சது யாருங்கறே?

— நீங்கதான்.

— பின்ன? சரி, நீ கேக்க வந்ததைக் கேளு.

— அவர் எப்படி இருக்கார்?

— போன மாசம் வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. ரெண்டு பேருமா.

— ரெண்டு பேருமாவா?

— நீ போனப்புறம் முதல்ல ஆளு உருக்குலைஞ்சுதான் போனான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிஞ்சுது. கார்ல பேசிக்கிட்டே போவான், சிரிச்சுக்கிட்டே வருவான். காலி பண்ண அன்னைக்கு கார் கேட்ல வந்து நின்னுச்சு. ஜன்னல் இறங்குச்சு. அவ முதல் தடவையா இந்தப் பக்கம் திரும்பினா.

— பார்த்தீங்களா?

— பார்த்தேம்மா. உன்னை மாதிரியே இருந்தா. மாதிரி என்ன மாதிரி, நீயேதான். நீ திரும்பி வந்துட்டேன்னு நினைச்சு கையாட்டிட்டேன். பாதியில உன் கல்யாணம் ஞாபகம் வந்துச்சு. தூக்கின கையை இறக்கத் தெரியலை எனக்கு.

— ஏதாவது பேசினாளா?

— "அக்கா, பங்க்ல இருந்து என் பையை எடுத்துக்கிட்டு ஒருத்தி வந்தாளே, அவ நல்லா இருக்காளா"ன்னு கேட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமே சொல்லலை. நானே ஒண்ணும் சொல்லலைன்னா பார்த்துக்கோ. ஒரு மாசமா யார்கிட்டயும் வாய் திறக்கலை. அதனாலதான் உன்கிட்டயே கேக்கறேன், கோவிச்சுக்காதே. அன்னைக்கு அவன் பைக்ல பங்க்குக்கு வந்து இறங்கினது நீதானே?

— கதவைச் சாத்துங்கக்கா.

— சாத்திட்டேன். சொல்லு.

— எல்லாரும் என்னை அவர் பொண்டாட்டின்னாங்க. நானும் நம்பிட்டேன். நம்பிச் சண்டைகூடப் போட்டேன். அந்த சீட்ல கை வெச்சப்போதான் அது அவ இடம்னு புரிஞ்சுது. அவ வீட்டுல மூணு மாசம் இருந்தாச்சு, சீட்டையும் எடுத்துக்க எனக்கு மனசு வரலை.

— அப்போ நீ...?

— பங்க்ல, ரெஸ்ட்ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். கையில ஒரு பை இருந்துச்சு. ஒரு பைக் கிளம்பிப் போச்சு. அதுக்கு முன்னாடி எதுவுமே எனக்கு ஞாபகம் இல்லைக்கா.