சாவில்லாத மாதம்

கொள்ளைநோய் ஊரைப் புரட்டிப் புரட்டி அடித்த காலத்தில், ஒரு மாதம் முழுக்க எங்கள் மாவட்டத்தில் ஒருவரையும் சாகவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான். எமனுக்கே விடுப்பு கொடுத்து அனுப்பியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தோடு கூடிய விடுப்பு.

நம்ப மாட்டீர்கள். காலையில் என்னோடு நடக்க வரும் கிழங்களும் நம்புவதில்லை. "இவரை விட்டா நிலாவையே நான்தான் ஏணி போட்டு ஒட்டவச்சேன்னு சொல்வாரு" என்று சிரிப்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் உத்தியோகத்தில் என் வேலை குறைத்துச் சொல்வது. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சுகாதாரத் துறையில் மாவட்டப் புள்ளிவிவர அதிகாரியாக இருந்தேன். நோய் வந்த புதிதில் அமைச்சர் எங்களைக் கூப்பிட்டார். நீள மேஜை, சுற்றிலும் மருத்துவர்கள், அத்தனை பேர் முகக்கவசமும் தாடைக்குக் கீழே. அமைச்சருக்கும் படிப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

"பக்கத்து மாவட்டத்துல தினம் இத்தனை சாவுங்கறாங்க. நம்ம ஊர்ல அப்படின்னா என் மனசு தாங்காதுப்பா" என்றார்.

அவ்வளவுதான். உத்தரவு ஏதும் இல்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்பவன் நான். அவர் எள் என்றுகூடச் சொல்லவில்லை, செடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் டின்னில் அடைத்து, மூடி போட்டுக் கொடுத்தேன்.

அன்று மருத்துவர்கள் கூடி ஒரு விதி வகுத்தார்கள். பரிசோதனை முடிவு வரும்போது ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இறந்தால்தான் நோய்ச்சாவு. முடிவுக்கு முன்னாலேயே போய்விட்டால் மாரடைப்பு, மூச்சுத்திணறல், முதுமை, எது கைக்கு வாகாக வருகிறதோ அது. வகுத்தவர்களுக்கு அந்த விதியின் அழகு தெரியவில்லை. மெத்தப் படித்தவர்கள், பாவம். எனக்குத்தான் தெரிந்தது. முடிவு தாமதமானால் சாவு குறையும். தாமதம் நன்றாக நீண்டால் சாவே இல்லை.

மற்ற மாவட்டங்களில் என் சகாக்கள் எண்களை அழித்து எழுதி மாட்டிக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள், மடையர்கள். நான் பூசணித் தோட்டத்தையே மறைத்தவன், சோறு இல்லாமல். ஒரு எண்ணையும் நான் தொட்டதில்லை. பொய் சொல்வது சோம்பேறிகளின் தொழில்.

மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகளைப் பெயர் ஒட்டிய சின்னக் குப்பிகளில் போட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கி, வேனில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். வேன் ஓட்டுநர் என் தங்கையின் கணவர். வேலைக்கு நான்தான் சிபாரிசு. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு.

"நான் போன் பண்ற வரைக்கும் அங்கேயே நில்லுங்க மாப்பிள்ளை" என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனிதர். பல நாள் இருட்டும் வரை நின்றார், சில நாள் விடிந்தும் நின்றார். வெயிலில் மாதிரிகள் கெட்டுவிடக் கூடாதே என்று மத்தியானத்தில் நானே ஐஸ் வாங்கிக்கொண்டு போய் மாற்றுவேன். முடிவு தாமதமாக வரலாம், தப்பாக வரக் கூடாது. வேலையில் சுத்தம் வேண்டும் அல்லவா.

அப்புறம் என்ன, நாள் தவறாமல் பூஜ்யம். அமைச்சர் தொலைக்காட்சியில் வட்டம் வரைந்து காட்டாத குறை. கடைகள் திறந்தன. சுடுகாட்டு வாசலில் வரிசையில் நின்றவர்கள்கூடச் செல்போனில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, நம்ம ஊர் தப்பிச்சுது" என்றார்கள். கண்ணெதிரே நீளும் வரிசையைவிடத் திரையில் ஓடும் எண்ணை நம்புகிற ஜனங்கள். இவர்களை ஏமாற்றினேன் என்று சொன்னால் என் திறமைக்கு அவமானம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று, சின்ன விஷயம். அந்தக் கூட்டத்தில் இன்னொரு விதியும் போட்டோம். முடிவுச் சீட்டு இல்லாதவரை ஆக்சிஜன் வார்டுக்குள் விடக் கூடாது. நியாயம்தானே. நோய் உண்டா இல்லையா என்று தெரியாமல் ஒருவரை நோயாளிகளுக்கு நடுவில் எப்படிப் படுக்கவைப்பது? ஆகவே அவர்கள் வார்டு வாசலில், சிமெண்ட் பெஞ்சில் காத்திருந்தார்கள். உள்ளே வெள்ளை விரிப்போடு படுக்கைகள் காலியாகக் கிடந்தன. அமைச்சர் கேமராவோடு வந்து அந்தக் காலிப் படுக்கைகளைத் தடவித் தடவிக் காட்டினார். அவர் பெஞ்சைத் தாண்டித்தான் உள்ளே போனார்.

பெஞ்சில் இருந்தவர்கள் பெரும்பாலும் முடிவு வருமுன் முடிந்துவிடுவார்கள். வேன் நிற்க நிற்கக் கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது அதனால்தான். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். இரண்டு விதிகளையும் தட்டச்சுக்குக் கொடுத்தவன் நானே.

அந்த மாதக் கடைசியில் என் தங்கைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அவள் மாதிரியைத் தானே எடுத்துப்போக வேனுக்கு ஓடினார். கொட்டகையிலிருந்து போன் வந்தது.

"மச்சான், இன்னைக்கு மட்டும் நேரா உள்ள போயிடவா? அவளோடது இதுலதான் இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை. சாயங்காலம் அமைச்சர் ஒரு மாசம் பூஜ்யம்னு பேசப் போறாரு. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

"அவளால முடியல மச்சான்."

"எனக்கும் தங்கச்சிதானே."

அவளுடைய குப்பியை மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் அது சலுகை. என் சேவைக் காலத்தில் உறவுக்காரர்களுக்கு நான் சலுகை காட்டியதே கிடையாது.

அமைச்சர் நன்றாகப் பேசினார். தங்கைக்கு மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அவள் படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறேன்.

இப்போது, நான் ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து, விசாரணை ஆணையம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் வரைவு அறிக்கையைப் படித்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. "வாகனத்தின் டயர் பழுதுகளால் முடிவுகள் தாமதமாயின. எவர் மீதும் குற்றமில்லை." யோசித்துப் பாருங்கள். ஒருவன் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலையைச் செய்திருக்கிறான், அதைப் பஞ்சர் என்று எழுதுகிறார்கள். அமைச்சரோ ஆண்டவன் காப்பாற்றினான் என்று பேட்டி கொடுக்கிறார். ஆண்டவனிடம் வேன் ஏது?

டயர் கதையைச் சொன்னவர் மாப்பிள்ளைதான். இத்தனை வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார், என்னிடமும். "அன்னைக்கு டயர் வெடிச்சிருச்சு மச்சான், நீங்க என்னென்னமோ சொல்றீங்க." நான் சிரிப்பேன்.

ஆணையத்துக்கு நானே வலியப் போனேன். தலைவர் ஒரு முன்னாள் நீதிபதி அம்மாள். நான் சொல்லச் சொல்ல, பேனாவை மூடிவிட்டு, அப்பளம் மாதிரி நொறுங்கிவிடுவேனோ என்று பயந்தவராக மெதுவாகப் பேசினார்.

"ஐயா, வயசான காலத்துல எதுக்கு இல்லாத பழியை எல்லாம் தலையில போட்டுக்கறீங்க? ஒரு தனி மனுஷன் இப்படிச் செய்ய முடியுமா? ஓட்டுநரே டயர்னு சொல்றாரு."

"அவரையே கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன்.

வந்தார். இளைத்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நீதிபதி கேட்குமுன்னே, "டயருங்க, டயர்தான்" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். கோபம் எல்லாம் இல்லை, வீட்டு மாப்பிள்ளை.

"சரி, டயர்தான். வெடிச்ச வண்டியோட நீங்க நடுரோட்டுல நின்னிருந்தா, கொட்டகைக்கு நான் கொண்டாந்த ஐஸை யார் கிட்ட கொடுத்தேன் மாப்பிள்ளை?"

அவர் தன் கைகளையே பார்த்தார். நீதிபதி அம்மாள் பேனாவைத் திறந்தார். எனக்கு உள்ளுக்குள் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப்போல இருந்தது. கடைசியில் என்னைப் பார்க்காமல், அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

"டயர் வெடிக்கலம்மா. வண்டி கொட்டகையிலதான் நின்னுச்சு, இவரு சொன்னதெல்லாம் நடந்ததுதான். அன்னைக்கும் ஐஸோட வந்தாரு, பெட்டியைத் திறந்தாரு. அவ பேரு ஒட்டின குப்பி மேலாக்க இருந்துச்சு. அதைக் கையில எடுத்துப் படிச்சுப் பார்த்தாரு. ஓரமா வச்சுட்டு, ஐஸைக் கொட்டிட்டு, அதைத் திரும்ப எடுத்து உள்ள வச்சு மூடினாரு."