சுட்டுவிரல் நகம்

வலது கை நகங்களை இடது கையால் ஒழுங்காகத் தேய்த்துக்கொள்வது கஷ்டம், டாக்டர். அதனால் என் கணவருக்கு நான்தான் தேய்த்துவிடுவேன். அழகு நிலையத்தில் பதினோரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. விரலால் கிதார் மீட்டுகிறவருக்கு நகத்தில் துளி பிசிறு இருக்கக் கூடாது. இருந்தால் கம்பியில் மாட்டி உடைந்துவிடும்.

சுட்டுவிரல் நகம் அப்படித்தான் உடைந்தது. டேபிள் டென்னிஸ் பந்தில் ஒரு துண்டு வெட்டிப் பசை போட்டு ஒட்டினேன். கிதார்காரர்கள் பலரும் செய்வதுதான்.

அந்த வாரமே தூரத்து ஊர் ஹோட்டல் ஒன்றில் வாசிக்க அவருக்கு வேலை வந்தது. இரண்டு வருடம். தங்கும் இடம் ஒருவருக்கு மட்டும். "ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்," என்றார். முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பத்து நாள் கழித்து, மாற்றி ஒட்டுவதற்காகத் துண்டைக் கழற்றினேன். அடியில் நகம் பச்சை பூத்திருந்தது. ஈரம் தங்கிக் கிருமி சேர்ந்தால் அப்படி ஆகும். வாடிக்கையாளருக்கு அப்படி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அதன் மேலேயே புதுத் துண்டை ஒட்டினேன்.

ஒரு நகம் விழும், வேலை கைநழுவும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவருக்குச் சர்க்கரை இருப்பது அப்போது நினைவில் இல்லை என்று சொல்ல ஆசைதான். தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நான்.

"விரல் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது," என்றார்.

"புதுக் கம்பி மாத்தியிருக்கீங்கல்ல, நாலு நாள்ல பழகிடும்."

நம்பினார். என் பேச்சை அவர் என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை.

விரலை வெட்டி எடுத்த அன்று நீங்கள் கேட்டீர்கள், "வீட்ல யாருமே இதைப் பாக்கலையா?" என்று. அவர் முந்திக்கொண்டார். "அவ மேல தப்பில்ல டாக்டர். மேல ஒட்டி மூடியிருந்துச்சு." அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பார்த்தேன் டாக்டர். பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். இப்போது கம்பிகளை இடம் மாற்றி மாட்டி, இடது கையால் மீட்டப் பழகுகிறார். வலது கையில் மிச்சமிருக்கும் விரல்கள் கம்பியை அழுத்தப் போதுமாம். ஹோட்டல்காரர்களும் ஆறு மாதம் பொறுத்திருக்கிறோம் என்றார்களாம். நேற்று இடது கையை என் மடியில் வைத்து, "இனிமே இதைப் பாத்துக்கோ," என்று சிரித்தார்.

சீக்கிரம் சொல்லிவிடுங்கள். இடது கையில் நகம் நன்றாக வளர்கிறது.