ராட்சச சுறா இன்னும் இருக்கா?

கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு ஜோடி. கல்யாணம் நிச்சயமானவர்கள் போலிருக்கிறது, பேசாமலே வந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் மாப்பிள்ளை சொன்னார்:

“ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. லட்சக்கணக்கான வருஷம் முன்னாடி அழிஞ்சுபோச்சுன்னு சொல்ற ராட்சச சுறா இன்னும் ஆழ்கடல்ல இருக்குங்க.”

அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள்.

“இருக்காதுங்க! அது திமிங்கலத்தத் தின்னு வாழ்ந்தது. திமிங்கலம் மூச்சு விட மேல வரும்ல? அப்ப இதுவும் வந்தாவணும். அடியில அவ்ளோ பெரிய ஒடம்புக்குத் தீனி ஏது?”

“யாரும் பாக்காத ஆழம் எவ்ளோ இருக்கு!”

“சுறாவுக்குப் பல்லு விழுந்துகிட்டே இருக்கும். கெடைக்கிறதெல்லாம் கல்லாப்போன பழைய பல்லு. புதுசா ஒண்ணு காட்டுங்க, நம்புறேன்!”

அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ஒரு வார்த்தகூடப் பேசலியே நீங்க?”

“அன்னிக்கு யாரும் சுறாவப் பத்திக் கேக்கலியே.”