கிளறாவின் துரும்பு

ஐயோ இல்லை அன்ரி, கலியாணமும் இல்லை, நாடகமும் இல்லை. யூனிவேர்சிற்றி முடிச்சா இஞ்சை இத்தாலியில தலையில வைக்கிற இலை வளையம். ஓம், இப்பதான், கொஞ்சம் முன்னம். எங்கட குடும்பத்தில முதல் ஆள் நான்தான், அதான் கழட்ட மனமில்லாமல் பஸ்சுக்குள்ளயும் போட்டுக்கொண்டு இருக்கிறன். பொலிதேயாமாவில இறங்க வேணும். ம், அது தாண்டிப் போச்சுதான், தெரியும். பஸ் சுத்தித் திரும்பி வரும்தானே.

என்ன படிச்சனோ? சிரிக்கக் கூடாது. சீட்டு. பாத்தியளா, உடனே பையைக் கிட்ட இழுக்கிறியள்! விளையாடப் படிக்கேல்லை அன்ரி, அதின்ர சரித்திரம். கசினோவில பிளாக்ஜாக் எண்டு ஒண்டு இருக்கு. இருபத்தொண்டுக்குக் கிட்டப் போக வேணும், தாண்டினாத் தோல்வி. அமெரிக்காக்காரன்ர எண்டு எல்லாரும் நினைக்கினம். அங்கை போக முன்னம் அது பிரான்சில இருந்தது. அதுக்கும் முன்னம், நானூறு வருசத்துக்கு முன்னமே, ஸ்பெயினில இருபத்தொண்டில ஏமாத்தின ஆக்களைப் பற்றி எழுதி வைச்சிருக்கினம். இத்தாலியில அதுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், ஏழரை. சனி இல்லை அன்ரி, செத்தே எ மெட்சோ! நாப்பது சீட்டு, படச் சீட்டுக்கு அரை, ஏழரையைத் தாண்டினாப் போச்சு. யேசு பிறந்த நத்தாருக்கு வீடு வீடா விளையாடுவினம். இந்த விளையாட்டுகளில ஆர் ஆருக்குத் தகப்பன் எண்டு ஒருத்தருக்கும் நிச்சயமாத் தெரியாது. தெரியாது எண்டுதான் நானும் எழுதினன்.

ஆனா என்ர ஆய்வில மூண்டாம் அத்தியாயம்! அம்மா இருபத்திரண்டு வருசமா வேலை செய்யிற இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா வீட்டில மட்டும் ஒரு தனிச் சட்டம். துடங்க முன்னம் ஒரு சீட்டை ஒருத்தருக்கும் காட்டாமல் கவிட்டு வைப்பினம். ஏழரையைத் தாண்டினவர் அதைத் திறக்கச் சொல்லிக் கேக்கலாம். அவரின்ர கடைசிச் சீட்டும் அதுவும் ஒரே இனம் எண்டா மன்னிப்பு. தன்ர தாத்தா காலத்துச் சட்டம் எண்டு சிஞ்ஞோரா சொன்னா. பழைய பெரிய வீட்டு வழக்கம் எண்டு நான் பன்னிரண்டு பக்கம் எழுதிப்போட்டன். புறொபெசர் துள்ளினார், புத்தகத்தில போடுவமாம்.

என்ன சிரிக்கிறியள்? பிடிச்சிட்டியளா! ஓம், எங்கட ஊர்ச் சீட்டு, முன்னூற்றிநாலு. கவிட்டு வைச்ச துரும்பு! உங்களுக்கு அரை நிமிசம், எனக்கு ஒண்டரை வருசமாப் பிடிபடேல்லை. எங்கட வீட்டுக்குள்ள சீட்டே வரக்கூடாது அன்ரி, அம்மா கோயில் பாட்டுக்குழு.

இண்டைக்குக் காலமை என்ர சட்டைக்கு அயன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, நான் பக்கத்தில மூண்டாம் அத்தியாயத்தைப் பேசிப் பழகிறன். அட விசரி, அது நான் சொல்லிக் குடுத்ததடி எண்டா. சிஞ்ஞோரான்ர பிள்ளையள் சின்னனில தோத்துத் தோத்து அழுவினமாம். அழுகையை நிப்பாட்ட எங்கட துரும்பைக் கொண்டுபோய்ச் செருகினவவாம். இருவது நத்தார் போக அது தாத்தான்ர ஆகிட்டுது. சொல்லிப்போட்டு மற்றக் கைக்கு அயன் பிடிக்கிறா!

நான் என்ன செய்ய? எல்லாப் புறொபெசர்மாருக்கும் முன்னால, அறுபத்தோராம் பக்கம் பிழை, அது தாத்தா இல்லை, மன்னாரில இருந்து வந்த என்ர அம்மா கிளறா எண்டு சொல்லிப்போட்டன். கடைசிக் கதிரையில இருந்த பொம்பிளைப் புறொபெசர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, கிளறாவை எப்பிடி எழுதிறது எண்டு கேட்டா! எழுதியும் வைச்சா அன்ரி!

இல்லை, அம்மா வரேல்லை. சிஞ்ஞோரா எனக்குப் பார்ட்டி வைக்கிறா, அம்மா அங்கை நிண்டு றோல்ஸ் பொரிக்கிறா. சிஞ்ஞோரான்ர சொந்தக்காரர் எல்லாரும் வந்திட்டினமாம். தாத்தான்ர படத்துக்கு முன்னால என்ர ஆய்வுப் புத்தகமாம், மூண்டாம் அத்தியாயத்தை நான் எழும்பி வாசிக்க வேணுமாம். வாயைத் திறந்திடாதை பிள்ளை, என்ர வேலை போயிடும் எண்டு அம்மா மெசேஜ் போட்டிருக்கிறா. அதான் அன்ரி, இந்த பஸ்சில எனக்கு இது மூண்டாவது சுத்து.

இந்தா, பொலிதேயாமா. மணியை நீங்கள் அமத்துங்கோ, எனக்குக் கை வருகுதில்லை. நீங்களும் இறங்குங்கோவன். றோல்ஸ் சுடச்சுட இருக்கும். முன்னூற்றிநாலு தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்தில நிண்டா, துரும்பைத் திறந்திடுவன்.