கதவுக்குக் கைப்பிடி இல்லாத கார்

மதியம் இரண்டு மணி.

என்ன சிரிப்பு? பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? இது பட்டப்பகலில் நடந்தது. கிட்ட வந்து உட்காருங்கள்... அந்தக் கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

மதியம் இரண்டு மணி. மூடிப்போன கல் குவாரிக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் பெயருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. சாலை முடிகிற இடத்தில் ஒரு வீடு, வீட்டின் பின்னால் ஒரு கார். அதை வாங்கத்தான் கடுகு போனான்.

கடுகு யாரென்றால், என் சிநேகிதனின் தங்கை புருஷன். லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களைத் திறந்து வெளியே விடுவது அவன் பிழைப்பு. ஊருக்கெல்லாம் தங்கமான மனிதன். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் எதற்கு வெடிப்பான் என்று தெரியாது, அதனால்தான் அந்தப் பெயர். காபி ஆறிப்போனால் வெடிப்பான். சுடச்சுட இருந்தாலும் வெடிப்பான். கையில் கிடைத்ததை வீசுவான், அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்து, அவளையே மன்னிப்புக் கேட்க வைப்பான். அவள் அண்ணனிடம் வந்து அழுதாள். என் சிநேகிதன் என்ன செய்தான்? “கொஞ்சம் பொறுத்துப் போம்மா” என்றான். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் மூஞ்சிக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், இங்கே சொல்ல எனக்கென்ன?

சரி, காருக்கு வருவோம்.

பிரிட்டிஷ்காரன் அறுபதுகளில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், தரையோடு தரையாக உட்கார வேண்டும். பச்சை நிறமாக இருந்திருக்கிறது, இப்போது துருதான் அதிகம். பக்கத்திலேயே நல்ல ஷெட் ஒன்று காலியாகக் கிடந்தது. காரை மட்டும் வெட்டவெளியில், கொளுத்துகிற வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“ஷெட் இருக்கே, ஏன் சார் வெளிய போட்டிருக்கீங்க?”

விற்றவர் செத்துப்போன சொந்தக்காரரின் தம்பி. காரைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

“அண்ணன் எப்பவும் வெயில்லதான் நிறுத்துவாரு. கோவம் வந்தா அண்ணிய அதுலதான் உட்கார வைப்பாரு.”

கடுகு சிரித்தான். சிரித்தானாம்! அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வண்டி அவன் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிப் பெட்ரோலில் ஊற வைத்தான். எலி கடித்த ஒயரையெல்லாம் பிடுங்கிப் புதிதாக ஓட்டினான். துணிக் கூரை கந்தலாகிவிட்டதால், எங்கேயோ தேடிக் கெட்டியான மேல்மூடி ஒன்றைக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கினான். பழைய வண்டிக்குள் என்ன வாசனை வரும்? எலிப் புழுக்கை, மக்கிய தோல், ஆயில். எல்லாம் வந்தது. ஆனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் மட்டும் வேறொரு வாசனை... முகப்பவுடர். வியர்வையில் நனைந்த முகப்பவுடர். சீட்டின் பழைய தோலையே பிய்த்து எறிந்த பிறகும் அது போகவில்லை.

டிங்கர் வேலைக்கு வந்தவன் வேறு யார், என் சிநேகிதன்தான். நசுங்கல் எடுப்பதில் கெட்டிக்காரன், தங்கை விஷயத்தில்தான் மண்டு. அந்தப் பக்கக் கதவில் கையை வைத்துத் தடவியவன், சட்டென்று எடுத்துக்கொண்டான்.

“மாப்ள, இது வெளியேருந்து பட்ட அடி இல்ல. நசுங்கல்னா உள்ள போகும். இது உள்ளேருந்து வெளிய புடைச்சிருக்கு. பாருங்க, குதிகால் அளவு.”

“உங்களுக்குச் சுத்தியல் புடிக்கத் தெரியுமா தெரியாதா மச்சான்? வேலையப் பாருங்க.”

அடித்துச் சமமாக்கினான். பெயின்ட் ஏறியது. மறுநாள் மத்தியானம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது... டம். கொஞ்சம் விட்டு, டம். தகரத்தை உள்ளிருந்து உதைக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் புதுப் பெயின்டில் ஒரு புடைப்பு. முற்றத்தில் யாருமில்லை.

கடுகு நேரே மனைவியிடம் போனான். “நீதானே உதைச்ச? என் சந்தோஷத்தைக் கண்டா உனக்கு ஆகாதே!” வீட்டுக்குள் அவனோடு உட்கார்ந்திருந்தவள் எப்படி வெளியே போய் உதைப்பாள்? அதைக் கேட்க அங்கே ஆளில்லை. அண்ணன்காரன் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கன்னத்தில் விழுந்த அறை அவனுக்கும் கேட்டது.

அவள் தையற்காரி. வண்டியின் சீட்டுக்கெல்லாம் உறை தைத்தவள் அவள்தான். அந்த மாதிரிக் காரில் கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்பக்கம் ஒரு கயிறு இருக்கும், அதை இழுத்தால்தான் கதவு திறக்கும். வெளியே நிற்பவனும் ஜன்னலைத் தள்ளிக் கையை உள்ளே விட்டு, அதே கயிற்றைத்தான் இழுக்க வேண்டும். இதில் இரண்டு பக்கமும் கயிறு இல்லை, நுனி மட்டும் மிச்சமிருந்தது. அவள் நுனியை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

“தேஞ்சு அறுந்தா பிசிறு வரும். இது கத்தரிச்சதுங்க.”

“பெரிய துப்பறியும் புலி.”

அவள் சீட்டுக்கு வாங்கிய சிவப்பு நூலில் மிச்சம் எடுத்து, இரண்டு கயிறு பின்னி, இரண்டு கதவிலும் கட்டினாள். இழுத்தால் கிளிக்கென்று திறந்தது. நல்ல வேலை. ஆனால் கடுகு எந்த ரகம் தெரியுமா? பழைய வண்டிப் பைத்தியங்களில் ஒரு ரகம் உண்டு, ஒரு திருகாணி அசல் இல்லையென்றாலும் தூக்கம் வராது. அசல் கயிறு கறுப்பு. கத்தியை எடுத்தான், இரண்டையும் அறுத்தான்.

“வெளிநாட்டுலேருந்து ஒரிஜினல் வருது. அதுவரைக்கும் இது போதும்.”

ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி பண்ணினான். ஜன்னல் சந்தில் விட்டு நெம்பினால் கதவு திறக்கும். கம்பி அவன் சட்டைப் பையில். இன்னொரு கம்பி செய்து அவளிடம் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

முதல் சவாரிக்கு அவளைத்தான் கூட்டிக்கொண்டு போனான். வண்டிக்கு ஆளில்லாத நீளமான சாலை வேண்டுமாம்... அதே குவாரி சாலை. கொஞ்ச தூரம் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடிய வண்டி, சூடேறி இருமியது. நின்றது. மதியம் இரண்டு மணி.

“சோக்கை இழுத்தியா?”

“நான் எதையும் தொடலைங்க.”

“தொடாம எப்படி நிக்கும்? காலைல உன் மூஞ்சியப் பார்த்துட்டுக் கெளம்பினேன் பாரு!”

கம்பியால் தன் கதவைத் திறந்து இறங்கினான். ஜன்னலை இழுத்து மூடினான். கதவை அறைந்து சாத்தினான். “அதுலயே கிட. அப்பத்தான் புத்தி வரும்.”

இந்த வார்த்தையை அந்த வண்டி இதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்டிருக்குமோ.

சாலைக்கு அடியில் ஒரு சின்னப் பாலம். அதன் நிழலில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தான். டம் என்று ஒரு சத்தம் வந்தது. உதைக்கட்டும் என்று இன்னொன்று பற்ற வைத்தான். அப்புறம் சத்தம் நின்றது. காற்றில்லை, ஒரு குருவிகூட இல்லை. முழுசாகப் பிடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தான்.

அவள் சாலையோரம் நின்றிருந்தாள். காரின் இரண்டு கதவும் சாத்தியபடியே இருந்தன.

“எப்படி வெளிய வந்த?”

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. காரின் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கம்பியால் தன் பக்கத்தைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, கதவை ஓங்கிச் சாத்தினான். கம்பியை டாஷ்போர்டில் எறிந்தான்.

“ஏறுடி!”

அப்போதுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தான். அவள் இழுத்துத் தைத்த புதுத் தோல்... பள்ளமாக அமுங்கியிருந்தது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. அவன் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் அமுங்கியது. அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்த மாதிரி.

முகப்பவுடர் வாசனை மூக்கை அடைத்தது.

ஜன்னல் தானாக நகர்ந்தது... கிர்ர்ர்ர்... டப்.

கம்பியைத் தேடினான். டாஷ்போர்டில் இல்லை. காலடியில் இல்லை. கயிறு இருந்த இடத்தை விரலால் தோண்டினான், நகம் பெயர்ந்தது. பிளாஸ்டிக் ஜன்னலைக் குத்தினான், அது வளைந்ததே தவிர உடையவில்லை. மேல்மூடியை முட்டினான். அவனே முடுக்கிய போல்ட், அசையுமா? உள்ளே மூச்சு விட்டால் மூச்சே சுட்டது. இரண்டு காலையும் தூக்கிக் கதவை உதைத்தான். டம். டம். டம். ஒவ்வொரு உதைக்கும் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு பெருமூச்சு. அவன் நிறுத்தினால் அதுவும் நின்றது.

“திற... திறந்து விடும்மா... என்னை விட்டுரு...”

வெளியே அவன் மனைவி. ஒரு முழம் தூரத்தில் நிற்கிறாள். கை கட்டியிருக்கிறாள். கத்தவில்லை, ஓடவில்லை, கதவைத் தொடவில்லை. அவள் உதடு மட்டும் ஒரு தடவை அசைந்ததைப் பார்த்தான்.

கிளிக்.

பக்கத்து சீட்டுக் கதவு திறந்தது. அவன் சீட்டைத் தாண்டித் தவழ்ந்து தாரில் வந்து விழுந்தான். முழங்கை வெந்துபோனது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். கடுகு இப்போது வீட்டில் சத்தம் போடுவதில்லை. காபி எப்படி இருந்தாலும் குடித்துவிடுகிறான். பேய் அடித்துத் திருந்திவிட்டான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். என் சிநேகிதனுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒருநாள் கடுகு இல்லாத நேரம் தங்கையிடம் கேட்டான்.

“அன்னைக்குக் கதவை யாரும்மா திறந்தா?”

அவள் தையல் மெஷினை நிறுத்தவில்லை.

“அந்தக் கார்ல இருக்கற அக்காதான். என்னை முதல்ல வெளிய விட்டாங்க. அப்புறம் அவர் பக்கத்துல உட்கார்ந்துட்டு, ஜன்னல் வழியா என்னைப் பார்த்துக் கேட்டாங்க, ‘இவனை விட்டுரட்டுமா?’ன்னு.”

“நீ உடனே சரின்னு சொல்லியிருப்பே.”

“இல்லண்ணே. ரொம்ப நேரம் யோசிச்சேன்.”

மெஷின் ஓடியது. அவன் எழுந்து போகப் பார்த்தான். அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“அவர் குரல் கொஞ்சம் உசந்தாப் போதும்... இப்பவும் பக்கத்துல வந்து கேக்கறாங்கண்ணே.”