ரோலை வெயிலில் காட்டியவர்

பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர், கழுத்தில் கேமராவோடு, சிரிப்பு தாங்காமல் சொன்னார்: “பிலிம் ரோலை நானே உருவி வெயில்ல காட்டிட்டேன் வே!”

பக்கத்தில் இருந்தவர் அவருடைய ரோல்களைக் கழுவித் தரும் ஸ்டுடியோக்காரர். பதறிவிட்டார்.

“கிறுக்கு புடிச்சிருக்கா உமக்கு? இருவாச்சிப் பறவையோட கூட்டைத் தேடி மூணு நாளு மலையில கெடந்தீரே!”

“கூடு கெடச்சுது வே. மரப்பொந்துக்குள்ள பொட்டையும் குஞ்சும். எச்சத்தைப் பூசி வாசலை அடச்சிருக்கு. அலகு போற அளவுதான் சந்து. ஆண் பழம் கொண்டாந்து ஊட்டுனாத்தான் உண்டு. நான் கிட்ட ஏறிப் போயி நாலு படம் எடுத்தேன். கேமரா சத்தத்துக்கு, ஊட்ட வந்த ஆண் பழத்தோட பறந்துட்டு.”

“பொறவு?”

“எறங்கிப் பாறைக்குப் பின்னால போயிட்டேன். ரோலு இருந்தா மறுபடி கிட்ட போவேன்லா? அதான் உருவிட்டேன். மத்தியானம் வரைக்கும் வரல. எனக்கு உசுரே இல்ல. பொறவு ரெக்கைச் சத்தம் கேட்டுது பாரும், ரயிலு கணக்கா! ஒவ்வொரு பழமா கக்கிக் கக்கி ஊட்டுது வே!”

“படம் இல்லாம எவன் வே நம்புவான்?”

“நம்பாட்டா விடும். உள்ள இருக்கதுக்கு வயிறு நெறஞ்சிட்டுல்லா!”