இரு நாடுகள் சோதித்த வால்வு

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, நடுக்கடலில் நிற்கும் நாற்பத்து மூன்று எண்ணெய் மேடைகளைப் பாதுகாப்புச் சோதனை செய்து முடித்தவன் நான். கடலை நேரில் பார்த்ததுகூட இல்லை.

விசாரணை அதிகாரியான அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டார். "அளக்காதீங்க ஐயா. மேல யாரையோ காப்பாத்தப் பார்க்கிறீங்க."

நானாக வந்தேன். 'தலைமை இயக்குநரின் அலட்சியம்' என்று எங்கள் துறையைப் பற்றிப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். பாவம், அவருக்கு அலட்சியம்கூட ஒழுங்காகச் செய்ய வராது.

இரண்டு நாட்டுப் பெரியவர்களும் விமானத்தில் வந்து, கோட்டு கசங்காமல் கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: ஒரு நாடு சோதித்த மேடையை மற்ற நாடு மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. நான் முதுநிலை எழுத்தர். 'தங்கள் சோதனையை ஏற்கிறோம்' என்று எழுதி அனுப்பினேன். அந்த நாட்டு எழுத்தர் சம்பந்தி வீட்டார் மாதிரி, மரியாதைக்குக் குறைவே கிடையாது. அவரும் 'தங்கள் சோதனையை ஏற்கிறோம்' என்று எழுதினார். ஒருவரும் படகில் ஏறவில்லை என்பது முதல் வருடமே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஒரு பெரிய மனிதருக்காவது உறைக்கிறதா, பார்ப்போமே என்றிருந்தேன். பதினோரு வருடம் பார்த்தேன். இரண்டு நாட்டுக்கும் விருதுதான் கிடைத்தது.

தொந்தரவு என்றால் ஏழாம் மேடையின் பொறியாளர் ஒருவர்தான். கிணறு பொங்கினால் அடைக்கிற வால்வு பாதியில் சிக்கி நிற்கிறது என்று மூன்று கடிதம் போட்டார். மூன்றாவதில், 'இங்கே பத்தொன்பது பேர் இருக்கிறோம்' என்று தனியாக ஒரு வரி. முத்து முத்தான எழுத்து. நான் ஓய்வு பெற்ற அன்று பதில் அனுப்பினேன்: 'இரு நாடுகள் சோதித்து ஏற்ற வால்வு, தங்கள் சந்தேகம் நட்புறவுக்கு அழகல்ல.' என் பணிக்காலத்திலேயே அதுதான் அருமையான வாக்கியம். மற்றபடி வால்வைச் செய்தவன் நானில்லை.

எட்டாம் நாள் மேடை எரிந்தது. பத்தொன்பது பேரும் போனார்கள்.

"யாராவது ஒருத்தராவது போய்ப் பார்த்திருப்பாங்க," என்றார் அதிகாரி. "பதினோரு வருஷம் ஐயா."

"அந்த நாட்டு ஆபீசுக்குப் போன் போடுங்கம்மா. அவங்க சோதனை அறிக்கையைக் கேளுங்க," என்றேன்.

போட்டார். சற்று நேரத்தில் பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அண்டை நாட்டின் சோதனை அறிக்கை: என் கடிதத்தின் நகல், என் கையெழுத்தோடு. கையெழுத்து கொஞ்சம் கோணல். அன்றைக்குப் பேனா சரியில்லை.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தார்.

"நீங்க சொன்னபடிதான் நடந்திருக்குங்க ஐயா," என்றார். "யாருமே போகல."